சர்வர் சாமிக்கு அரோகரா

திருவண்ணாமலையில் சாமிகளுக்குப் பஞ்சம் கிடையாது. கோயிலுக்குள் அண்ணாமலையார். கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள். ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையில் காவி வேட்டிகளை எண்ணி முடிப்பதற்குள் பௌர்ணமி வந்துவிடும். இத்தனை பேரையும் ஓரங்கட்டிவிட்டு ஒரு புதுச்சாமி ஊரை ஆள்கிறது. உருவம் இல்லை. எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால் கையை மேலே காட்டுகிறார்கள். தாலுகா ஆபீசில் அதன் பேரைச் சொன்னதும் எல்லோரும் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். ரேஷன் கடையில் அதன் பேரைச் சொன்னதும் காலையிலிருந்து நின்ற வரிசை முணுமுணுப்புகூட இல்லாமல் கலைந்து போகிறது.

அந்தச் சாமியின் பேர் சர்வர்.

விரதம் உண்டு. மாதத்தின் முதல் வாரம் பேசாது. கட்டணம் கட்டக் கடைசி நாளில் பேசாது. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில், ஊரே வருமானச் சான்றிதழுக்கு அலையும்போது, கண்ணையே திறக்காது. திட்ட முடியாது. இடமாற்றம் செய்ய முடியாது. அதற்கு மெமோ கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அரசாங்கம் ஆண்டாண்டு காலமாகத் தேடிய உத்தமமான ஊழியர் கிடைத்துவிட்டார். எல்லாத் தவறும் அவருடையது. எந்தத் தண்டனையும் அவருக்குக் கிடையாது.

இன்னொரு குணமும் உண்டு. மேலே இருப்பவனை ஒரு கேள்வியும் கேட்காது. கீழே இருப்பவனை மட்டும் விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். நம் கோபமெல்லாம் இதன்மேல்தான்.

முதலில் நியாயத்தைப் பேசிவிடுவோம். ஆசிரம வாசலில் இளநீர் வெட்டுகிறவர் அரிவாளுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை தொங்கவிட்டிருக்கிறார். பூக்காரம்மாவின் கூடையிலும் ஒன்று. ஆத்ம விசாரத்துக்காகக் கடல் கடந்து வந்த வெள்ளைக்காரர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், "சில்லற இல்ல சாமி, ஜீபே இல்லியா?" என்று பரிதாபமாகப் பார்க்கிறார். 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நம்மையெல்லாம் ஏ.டி.எம். வாசலில் வெயிலில் நிறுத்தி அதற்குப் பழக்கினார்கள். 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. சில்லறைச் சண்டை ஒழிந்தது. வேலை செய்கிற பொருளை வேலை செய்யவில்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது.

சரி, இந்தப் பாதையில் சுங்கச்சாவடி யாருடையது? பரிவர்த்தனைகளில் பெரும்பங்கு இரண்டே செயலிகளின் கையில். ஒன்று வால்மார்ட் கையிலிருக்கும் ஃபோன்பே. மற்றது கூகுள் பே. எந்தச் செயலியும் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2020 நவம்பரில் யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. விதி போட்டது. கெடு 2022 முடிவுக்குள் என்றார்கள். பிறகு 2024 என்றார்கள். இப்போது 2026 டிசம்பர் என்கிறார்கள். கம்பெனிக்குக் கெடு என்றால் அது ரப்பர். நமக்குக் கெடு என்றால் அது இரும்பு. கரண்ட் பில்லுக்குக் கெடு தாண்டிப் பாருங்கள். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்க ஆள் வருவார். அவருக்கு எந்த சர்வரும் தேவைப்படாது.

இளநீர்க்காரர் இன்னொரு செய்தியையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் ஹாவேரியைச் சேர்ந்த ஒரு காய்கறி வியாபாரிக்கு 29 லட்சம் ரூபாய் கட்டச் சொல்லி ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்தது. நாலு வருடத்தில் அவருடைய யு.பி.ஐ. கணக்கில் 1.63 கோடி புரண்டதாம். பச்சைக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது என்பதை நோட்டீஸ் அனுப்பிய மூளைக்கு யாரும் சொல்லவில்லை. பெங்களூருக் கடைகளில் க்யூஆர் அட்டைகள் இறங்கின. 'ரொக்கம் மட்டும்' என்ற அட்டைகள் ஏறின. டிஜிட்டலுக்கு மாறு, மாறு என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். மாறினான். மாறியவனைத்தான் பிடித்தார்கள். வங்கியில் வாங்கிய கோடிகளோடு விமானம் ஏறியவர்களின் கணக்கு அந்த மூளையின் கண்ணில் பட்டதே இல்லை.

அடுத்தது வசதிக் கட்டணம். ரயில்வே கவுன்ட்டரில் டிக்கெட் எடுத்தால் கட்டணம் கிடையாது. அங்கே ஊழியருக்குச் சம்பளம் உண்டு, மின்விசிறி உண்டு, கட்டடம் உண்டு. வீட்டில் உட்கார்ந்து, நம் போனில், நம் டேட்டாவில், அந்த ஊழியரின் வேலையை நாமே செய்து எடுத்தால் கட்டணம் உண்டு. பணமதிப்பு நீக்கத்தின்போது பெரிய மனது பண்ணி ஐ.ஆர்.சி.டி.சி. அதை ரத்து செய்தது. நாம் பழகிவிட்டோம் என்று தெரிந்ததும் 2019 செப்டம்பரில் மறுபடி போட்டது. சாதாரண வகுப்புக்கு 15 ரூபாய், ஏ.சி.க்கு 30. யு.பி.ஐ.யில் கட்டினால் ஐந்தும் பத்தும் தள்ளுபடி. ஜி.எஸ்.டி. தனி. அவர்கள் வேலையை நாமே செய்ததற்கு நாமே கட்டும் வரி உலகத்தில் வேறெங்காவது இருந்தால் சொல்லுங்கள். சோற்றுக் கம்பெனி பாடம் கற்றுக்கொண்டது. 2023 ஆகஸ்டில் சொமாட்டோ 'பிளாட்பார்ம் கட்டணம்' என்று 2 ரூபாயில் ஆரம்பித்தது. 2025 செப்டம்பரில் அது 12. ரயில்வேயின் பிளாட்பாரத்தில் நிற்கவாவது இடம் கிடைக்கும்.

தனியார் கம்பெனி லாபத்துக்குக் கடை வைத்திருக்கிறது. பிடிக்காவிட்டால் வீட்டில் உப்புமா கிண்டிக்கொள்ளலாம். சாதிச் சான்றிதழை வீட்டில் கிண்ட முடியுமா?

இ-சேவை மையத்துக்கு வாருங்கள். பிள்ளைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். முதலில் 'கேன்' என்கிற குடிமகன் நம்பர். அதற்கு ஆதார். ஆதாரில் போன் நம்பர் இணைந்திருக்க வேண்டும். பழைய நம்பர் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருக்கும். அதை மாற்ற வேறொரு மையம், வேறொரு வரிசை, வேறொரு கட்டணம். எல்லாம் முடித்து 60 ரூபாய் கட்டி, "ஓ.டி.பி. வந்துதாம்மா?" என்ற கேள்விக்கு ஆறு எண்களை உரக்கச் சொல்லி விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், அப்புறம்தான் பயணமே தொடங்குகிறது. வி.ஏ.ஓ. லாகின். அடுத்து ஆர்.ஐ. லாகின். அடுத்து தாசில்தார் லாகின். முன்பு ஃபைல் மேஜையில் தூங்கியது. நேரில் போனால் அதன் முகத்தையாவது பார்க்கலாம். இப்போது லாகினில் தூங்குகிறது. "வி.ஏ.ஓ. லாகின்ல நிக்குதுண்ணே, போயி ஒரு வார்த்த சொல்லுங்க" என்கிறார் இ-சேவைத் தம்பி. அந்த ஒரு வார்த்தை என்ன, அதன் விலை என்ன என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஆன்லைன் வந்தால் லஞ்சம் ஒழியும் என்றார்கள். ஒழிந்தது வி.ஏ.ஓ. ஆபீசில் போட்டிருந்த பெஞ்சு மட்டும்தான். பட்டா மாற்றத்துக்குப் பணம் வாங்கிப் பிடிபட்டவர் செய்தி இல்லாமல் நாளிதழ் வருவது அபூர்வம். ஜீபேயில் வாங்கி மாட்டியவர்களும் உண்டு. இந்தச் சேவைக்கு மட்டும் சர்வர் டவுன் என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. லஞ்ச ஒழிப்புத் துறை இன்னமும் ரசாயனம் தடவிய நோட்டைத்தான் நம்பியிருக்கிறது. கோடி கோடியாய்க் கொட்டி மென்பொருள் செய்த அரசாங்கத்தில், திருடனின் கையைக் காட்டிக் கொடுப்பது ஒரு சிட்டிகைப் பவுடர்.

காகிதமில்லா நிர்வாகம் என்கிறார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடமில்லை. ஆதார் ஜெராக்ஸ் இரண்டு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இரண்டு, ஆன்லைனில் விண்ணப்பித்ததற்கு ஒப்புகைச் சீட்டு ஜெராக்ஸ் இரண்டு. அரசாங்கத்தின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நம் விவரத்தை, அரசாங்கம் கொடுத்த அட்டையிலிருந்து நாமே நகலெடுத்து, அரசாங்கத்திடமே கொடுக்க வேண்டும். ஒரு துறையின் கம்ப்யூட்டர் இன்னொரு துறையின் கம்ப்யூட்டரோடு பேசாது. நடுவில் ஓடித் திரிகிற ஒயர் நாம்தான்.

ரேஷன் கடைக்குப் போவோம். 2020 அக்டோபர் முதல் இங்கே விரல் வைக்க வேண்டும். வைக்கிறார்கள். விழவில்லை. "ஆயா, ரேக வுழல. கைய நல்லா தொடச்சிக்கினு வை." துடைத்து வைக்கிறாள். விழவில்லை. அடுத்த விரல். அதற்கடுத்த விரல். நாற்று நட்ட விரல். மல்லாட்டை பிடுங்கிய விரல். ஊரார் பாத்திரம் தேய்த்த விரல். பிறகு ரேகை எங்கே இருக்கும்? உழைத்தவன் கையில் ரேகை தேயும் என்பது மெஷின் செய்தவனுக்குத் தெரியாது. அவன் கையில் அது தேய்ந்ததில்லை.

இது ஏதோ ஒரு கடையில் நடக்கும் கதை என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரியே எழுந்து நின்று சொன்னார்: அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி 88 சதவீதம். வெற்றி என்றார். நூற்றில் பன்னிரண்டு தோல்விக்கு அவர் சூட்டிய பேர் அது. நூற்றில் பன்னிரண்டு முறை திறக்க மறுக்கும் பூட்டை உங்கள் வீட்டுக் கதவில் போடுவீர்களா? ஏழையின் வயிற்றில் போடலாம். அதற்கு டெண்டர் உண்டு.

தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை 2022-ல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. முதலில் பதிவுசெய்த ரேகையின் தரமே சரியில்லாததால் ஜனங்கள் சொந்தக் காசைக் கட்டித் திரும்பப் பதிய வேண்டியிருக்கிறது என்று அது சொன்னது. தவறு மெஷினுடையது, தண்டம் நம்முடையது. இந்தக் கண்டனத்துக்குப் பிறகு கட்டணத்தைக் குறைத்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். 2025 அக்டோபரில் 100 ரூபாயை 125 ஆக்கினார்கள்.

ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் அந்த வீட்டு ரேஷன் கார்டு ரத்தாகியிருந்தது. சோறு கேட்டே செத்தாள் என்றாள் தாய். மலேரியா என்றது அரசாங்கம். இங்கே சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. மேலே போகலாம்.

தமிழ்நாட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை. ரேகை விழாவிட்டாலும் பொருளை மறுக்கக் கூடாது என்று அமைச்சர்கள் பேட்டி கொடுக்கிறார்கள். பேட்டி சென்னையில். மெஷின் இங்கே. போதாக்குறைக்கு எடைத் தராசையும் மெஷினையும் ப்ளூடூத்தில் கோத்துவிட்டார்கள். கிராம் பிசகாமல் அளந்தால்தான் பில் வரும். அரிசியில் கிராம் பார்க்கிற தேசம் ஆற்று மணலில் லாரி பார்த்ததில்லை. மலையைக் குடைந்த குவாரியில் யார் விரலும் வைக்கவில்லை, எந்தத் தராசும் ப்ளூடூத்தில் கத்தவில்லை.

சர்வர் சாமியின் அருள் எட்டாத இடமும் இந்த மாவட்டத்தில் உண்டு. ஜவ்வாது மலை. சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நிற்கிற ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள். அதே மலைத்தொடரில் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கோடானு கோடி மைல் தாண்டி வரும் ஒளி அந்த மலைக்கு வந்து சேர்கிறது. ஓ.டி.பி. வந்து சேருவதில்லை.

இதற்கும் திட்டம் போட்டார்கள். 2011-ல் 20,000 கோடி ரூபாயில் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு ஒளியிழைக் கேபிள் என்றார்கள். இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துவிடும் என்றார்கள். வருடம் ஓடியது, கேபிள் ஓடவில்லை. ஆட்சி மாறியது. 'பாரத்நெட்' என்று பேரை மாற்றினார்கள். பேர் மாற்றம் மட்டும் கெடுவுக்குள் முடிந்தது. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட புதிய மதிப்பு 1,39,579 கோடி. தமிழ்நாட்டில் சுமார் 1,950 கோடி ரூபாய் டெண்டர், விதிமுறைகளை யாருக்காகவோ வளைத்தார்கள் என்ற புகாரில் 2020 ஜூனில் ரத்தாகி மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. 20,000 கோடி ஒரு லட்சத்துச் சொச்சம் கோடியாய் வளர்ந்தபோது, எங்கே, கட்டை விரலை வை பார்ப்போம் என்று யாரையாவது கேட்டார்களா? ஒரு கிலோ சர்க்கரைக்குத்தான் விரல்.

நூறு நாள் வேலைக்கு வாருங்கள். 2023 ஜனவரி முதல் தினமும் இரண்டு முறை செயலியில் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும் என்றார்கள். சிக்னல் இல்லையென்றால் வருகை இல்லை. வருகை இல்லையென்றால் கூலி இல்லை. மண்ணை வெட்டினது பொய், படம்தான் மெய். திருட்டை ஒழிக்க வந்த செயலி. நடந்தது என்ன? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்களாம். போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்களாம். ஆண் பேருக்குப் பெண் படமாம். தீர்வு என்ன தெரியுமா? எல்லாப் படங்களையும் ஊராட்சி அளவில் மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். மனிதனை நம்பாமல் மெஷின் வைத்தார்கள். மெஷினை நம்பாமல் மனிதனை வைத்தார்கள். நடுவில் கூலிக்காரி வெயிலில் போட்டோவுக்கு நின்றாள்.

முதியோர் உதவித்தொகையில் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். மாநிலம் தன் பணத்தைப் போட்டு 2023-ல் மொத்தத்தை 1,200 ஆக்கியது. இந்த நாட்டில் எல்லாச் செயலிக்கும் வாரம் ஒரு அப்டேட் வருகிறது. அந்த 200 ரூபாய்க்கு மட்டும் பதினைந்து வருடத்துக்கு மேலாக அப்டேட் வரவில்லை. ஓய்வூதியர்கள் ஆண்டுக்கொருமுறை விரலையோ கண்ணையோ காட்டி உயிரோடிருப்பதை நிரூபிக்க 2014-ல் தனித் திட்டம் வந்தது. பெரியவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்று அரசு சரிபார்க்கிறது. அரசு உயிரோடிருக்கிறதா என்று சரிபார்க்கத்தான் ஒரு செயலியும் இல்லை.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்குக்குப் போனது. நல்ல காரியம். போன வேகத்திலேயே சில வங்கிகள் 'மினிமம் பேலன்ஸ் இல்லை' என்று அதிலிருந்து பிடித்துக்கொண்டன. மாநில நிதியமைச்சர் எச்சரிக்க வேண்டியிருந்தது. கொடுக்கும்போது தூங்குகிற சர்வர் எடுக்கும்போது எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்கள்.

1896 செப்டம்பர் 1-ஆம் தேதி பதினாறு வயதுப் பையன் ஒருவன் இந்த ஊருக்கு ரயிலில் வந்து இறங்கினான். மதுரையிலிருந்து வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பியவன். கையில் மிச்சமிருந்த காசை அய்யங்குளத்தில் எறிந்தான். பூணூலைக் கழற்றினான். பேரைச் சொல்லவில்லை. பேசவே இல்லை. ஊர் அவனுக்குச் சோறு போட்டது. பின்னாளில் அவன் ரமணர் ஆனான். இன்றைக்கு வந்திருந்தால்? தட்காலில் ஆதார் ஓ.டி.பி. இல்லாமல் ரயிலே ஏறியிருக்க முடியாது. முகவரி கேட்டால் மௌனம். போன் நம்பர் கேட்டால் மௌனம். கே.ஒய்.சி. நிலுவை. கிரிவலப் பாதையில் சாமியார்களின் கைரேகையைக் காவல் துறை அவ்வப்போது எடுக்கிறதே, அந்தப் பட்டியலில் மட்டும் அவனுக்கு உடனே இடம் கிடைத்திருக்கும். 'நான் யார்' என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொன்னவரின் வாசலில், 'நீ யார்' என்று ஊரையே கேட்டுக்கொண்டிருக்கிறது அரசாங்கம். எத்தனை முறை பதில் சொன்னாலும் நம்புவதில்லை.

எல்லோரையும் அப்படிக் கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார்த்திகை தீபத்துக்குக் கோயில் இணையத்தில் டிக்கெட் விற்கிறது. 600 ரூபாய், 500 ரூபாய். ஆதார் வேண்டும், ஓ.டி.பி. வேண்டும், இவற்றுக்கெல்லாம் மேலாக மின்னல் வேகம் வேண்டும். கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும். பாஸில் வருகிறவர்களைப் பாருங்கள். அவர்களிடம் ஓ.டி.பி. கேட்க எந்த மெஷினுக்கும் தைரியம் கிடையாது. அவர்களுக்குச் சர்வர் டவுன் ஆவதில்லை. ஒரு போன் போதும். அதுவும் பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை.

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்ற மூடநம்பிக்கை வெளிநாட்டிலும் உண்டு. பிரிட்டன் தபால் துறையில் 'ஹொரைசன்' என்ற மென்பொருள் 1999-ல் வந்தது. கணக்கில் பணம் குறைகிறது என்று அது சொன்னதை நம்பி 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகக்காரர்களுக்குத் தண்டனை கொடுத்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரை விட்டார்கள். திருடியவர் யாருமில்லை, மென்பொருளில் கோளாறு. 2024-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள்மேல் பொய்யாகப் பழி சுமத்தி நடுத்தெருவில் நிறுத்தினார்கள். அம்பலமானதும் 2021 ஜனவரியில் மொத்த அமைச்சரவையும் ராஜினாமா செய்தது. அங்கேயும் தவறு நடக்கிறது. அங்கே நாற்காலி ஆடுகிறது. இங்கே வாரம் ஒருமுறை சர்வர் படுக்கிறது, ஒரு கிளார்க்கின் இன்கிரிமென்ட்கூட ஆடியதில்லை.

தங்கள் சாமிமேல் நம்பிக்கை இல்லை என்பதை ஆட்சியாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் முகாம் எதற்கு? எல்லாச் சேவையும் கைபேசியில் வந்துவிட்டது என்று சொல்லி முடித்த கையோடு 2023 டிசம்பரில் 'மக்களுடன் முதல்வர்'. 2025 ஜூலையில் 'உங்களுடன் ஸ்டாலின்'. பந்தல் போட்டு, மேஜை போட்டு, காகிதத்தில் மனு வாங்கினார்கள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். எதிரே ஒரு மனிதமுகம் இருந்ததல்லவா? ஆகஸ்ட் கடைசியில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில் அந்த மனுக்களில் ஒரு கட்டு வைகை ஆற்றில் மிதந்தது. ஓலைச்சுவடியை ஆற்றில் விட்டால் எதிர்நீச்சல் போட்டுக் கரை சேரும் என்பது மதுரைப் பக்கத்துப் பழைய புராணம். மனுக்களுக்கு அந்த வரம் கிடைக்கவில்லை.

தொழில்நுட்பமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த மாநிலத்தில் ஜனங்கள் மனதார வாழ்த்துகிற திட்டங்கள் எவை? 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். கையைக் காட்டினால் வண்டி நிற்கிறது, ஏறினால் போகிறது. காமராஜர் தொடங்கி எம்.ஜி.ஆர். விரித்த மதிய உணவு. 2022-ல் வந்த காலை உணவு. தட்டை நீட்டினால் சோறு விழுகிறது. ரமணாசிரமத்திலும் ஏழை எளியவர்களுக்கு நாள்தோறும் அன்னம் போடுகிறார்கள். இலை போடுவதற்கு முன் யாரும் ரேகை கேட்பதில்லை. இங்கெல்லாம் கொடுக்கிறவன் வாங்குகிறவனைச் சந்தேகப்படவில்லை. ரகசியம் அவ்வளவுதான். சந்தேகத்தை வைத்துக் கட்டினதெல்லாம் தினம் தினம் படுத்துக்கொள்கிறது. நம்பிக்கையை வைத்துக் கட்டினதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனவே கேட்கிறோம். மனுவாக எழுதித் தரவில்லை, ஆறு பக்கத்தில்தான் ஓடுகிறது. சர்வர் படுத்தால் எதிரே இருக்கிற அதிகாரி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். ரேகை விழாவிட்டால் மெஷின்தான் தோற்றது, ஆயா தோற்கவில்லை என்று எழுதி அரிசியைப் போட வேண்டும். லாகினில் தூங்குகிற விண்ணப்பத்துக்கு நாள் கணக்கில் அபராதம், தூங்கவைத்தவர் சம்பளத்திலிருந்து. மத்தியப் பிரதேசம் 2010-லேயே சேவை பெறும் உரிமைச் சட்டம் போட்டு அதைச் செய்தது. எல்லாவற்றிலும் முன்னோடி என்று மார்தட்டும் நாம் இதில் மட்டும் பின்னால் நின்றோம். இரண்டாம் முறை அலையவிட்டால் ஒருநாள் கூலி தர வேண்டும். அதையும் யு.பி.ஐ.யில் உடனே போடலாம். அதுதான் நன்றாக வேலை செய்கிறதே.

இதெல்லாம் நடக்காது என்று சிரிக்கிறீர்கள். தேர்தல் நாளை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு ஆயாவைத் தேடி வண்டி வரும். அட்டையில் எழுத்துப் பிழை இருந்தாலும் ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். மேஜையில் ஒரு குப்பி மை. மைசூர் பெயின்ட்ஸ் கம்பெனி 1962 முதல் காய்ச்சித் தருவது. அதற்கு சர்வர் கிடையாது, சிக்னல் வேண்டாம், ஓ.டி.பி. கேட்காது. ரேஷன் மெஷின் வேண்டாம் என்று தள்ளிய அதே வெடித்த விரலைக் கேட்டு வாங்கி அதில் பூசுவார்கள். வெடித்த விரலில்தான் அந்த மை ஆழமாக இறங்கும். லேசில் போகாது.